சம்பந்தி இலையில் நெய் விழாத காரணம்

நாமக்கல் பக்கம், நம் தோட்டத்திலிருந்து,
ஞாயிற்றுக்கிழமை.

ஓமலூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் தாய்மாமா வெள்ளியங்கிரி அவர்களுக்கு, உங்கள் அக்கா மகள் தனப்பிரியா தலை நிமிராமல் எழுதிக்கொள்வது.

இங்கே அப்பா, அம்மா, எருமைகள் இரண்டு, பண்ணையிலுள்ள கோழிகள் எல்லாரும் சுகம். கதிர்வேல் அண்ணன் மட்டும் சரியாகச் சாப்பிடுவதில்லை. நீங்களும் கிருத்திகா அத்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். சுகமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் உங்கள் போன் வியாழக்கிழமையிலிருந்து அணைந்தே கிடக்கிறது. நீங்கள் எடுத்திருந்தாலும் நான் பேசியிருக்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். எதிரில் யாராவது "அலோ" என்றாலே எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். பத்தாவதோடு நான் விடுதிப் பள்ளியை விட்டு வந்ததற்கும் அதுதான் காரணம். ஆனால் எழுத வரும். முட்டை ஏற்றிக்கொண்டு ஓமலூருக்கு வருகிற வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஓட்டுநர் நல்லவர் என்று அப்பா சொல்கிறார். அப்பா எல்லாரையும் நல்லவர் என்றுதான் சொல்வார்.

நீங்கள் எதற்காகக் கோபமாக இருக்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும் மாமா. இது நீங்கள் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த சம்பந்தம். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து பெண்ணின் அப்பா பிரபாகர் அவர்களும் அம்மா சௌந்தர்யா அவர்களும் புதன்கிழமை நம் வீடு பார்க்க வந்தார்கள். அவர்களுக்கு இலையில் ஒரு துளி நெய் ஊற்றாமல், மாட்டுக்கு வைக்கிற கொள்ளைக் காய்ச்சி ஊற்றி, வீட்டில் எருமையைக் கட்டிக்கொண்டு மோர் கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டோம் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, பக்கத்துத் தோட்டத்துக் கந்தம்மாள் அத்தைதான். அதைக் கேட்டுவிட்டு நீங்கள் அப்பாவைக் கூப்பிட்டு, "என்ற மானத்த வாங்கிப்போட்டீங்க, இனி உங்க ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டனுங்க மச்சான்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். வருகிற வெள்ளிக்கிழமை உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்வதற்கு நாள் குறித்திருக்கிறது. தாய்மாமன் வராமல் எந்த வீட்டில் உப்புச் சர்க்கரை மாற்றியிருக்கிறார்கள்? அதை விட்டால் ஆடி பிறந்துவிடும். ஆடி முடிவதற்குள் யார் மனம் எப்படி மாறும் என்று யாருக்குத் தெரியும்? அண்ணனுக்கு முப்பத்து மூன்று வயது. கோழிப்பண்ணை மாப்பிள்ளை என்றதும், ஈ வருமா, வாடை வருமா என்று கேட்டுவிட்டு எத்தனை பேர் போனை வைத்துவிட்டார்கள் என்று எண்ணுவதையே அம்மா நிறுத்திவிட்டார். அதனால் புதன்கிழமை நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

கடைக்குச் சரக்கு வந்துவிட்டது என்று நீங்கள் அன்றைக்கு வரவில்லை. நீங்கள் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. அம்மா முதல் நாளிலிருந்தே வீட்டில் உறை ஊற்றிக் கடைந்த வெண்ணெயை உருக்கிக்கொண்டிருந்தார். பருப்பில் நெய், பொரியலில் நெய், பூரணம் வைத்துத் தட்டிய ஒப்புட்டில் நெய், பாயசம் முழுக்கப் பால், ரசத்தைக்கூட நெய்யில் தாளித்தார். "அம்மா, ரசத்துக்குமா?" என்றேன். "டவுன்காரங்க சாமி, அங்க பாக்கெட்டு நெய்யத் திங்கறவங்க, நம்மூட்டு எருமை நெய்யி மூக்குல ஏறோணும்" என்றார். அண்ணன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கோழித் தூசி படாமல் இருக்கக் காலையிலிருந்து நாற்காலியின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தார்.

கார் வந்தது. பிரபாகர் அவர்கள் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினார். பையை யாரிடமும் கொடுக்கவில்லை. அது எனக்கு முதல் சந்தேகம். நான் வழக்கம்போல சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்தக் கதவின் கீல் பக்கம் ஒரு சந்து இருக்கிறது, அதில் ஒரு கண்ணை வைத்தால் கூடம் முழுவதும் தெரியும். அப்பா "வாங்க வாங்க, உக்காருங்க" என்றார். அம்மா காப்பித் தட்டைக் கொண்டுபோனார்.

"வேண்டாமுங்க" என்றார் அவர்.

"அட, ஒரு வாய்ங்க."

"இல்லீங்க, பழக்கமில்லீங்க."

"அப்ப வெறும் பாலுங்களா? இப்பத்தான் கறந்ததுங்க."

"பாலும் வேண்டாமுங்க."

"மோருங்க? வெயில்ல வந்திருக்கீங்க."

"ஐயோ, மோரும் வேண்டாமுங்க. தண்ணி போதுங்க."

தண்ணீரை மட்டும் அண்ணாந்து குடித்தார். மாமா, நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சம்பந்தம் மனதுக்குப் பிடித்திருந்தால்தான் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் "இன்னொரு நாளைக்குப் பார்த்துக்கலாமுங்க" என்று தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். அம்மா தட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்தார். "முடிஞ்சுது அம்மிணி. வேண்டாமுன்னு சொல்றதுக்குன்னே பொறப்பட்டு வந்திருக்காங்க" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு மட்டும் அது அப்படியே ஒப்பவில்லை. ஏனென்றால் அம்மா கடைசி முயற்சியாக ஒப்புட்டுத் தட்டை நீட்டியபோது, "வேண்டாமுங்க" என்று வாய் சொன்னதே தவிர அவருடைய தொண்டை ஒருமுறை மேலே ஏறி இறங்கியதை நான் சந்தில் பார்த்தேன். பிடிக்காத வீட்டு ஒப்புட்டுக்கு யாருக்காவது எச்சில் ஊறுமா? அவருடைய மனைவி வேறு அவரைப் பார்த்து, பார்த்துவிட்டுப் புடவைக் கரையைத் திருகினார். ஆகவே சாப்பிட ஆசை இருக்கிறது, சாப்பிடக் கூடாது என்று ஏதோ தடுக்கிறது. என்ன அது? நாம் எதையாவது கலந்து கொடுத்துவிடுவோம் என்று பயமா? அப்படியென்றால் தண்ணீரையும் குடித்திருக்க மாட்டார். வேண்டுதலா? வேண்டுதல் என்றால் வெளியே சொல்வதில் என்ன வெட்கம்? வியாதியா? வியாதியை மறைத்துப் பெண் கொடுக்கிறார்களா? இப்படி நான் நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து, பண்ணையைப் பார்க்க வேண்டும் என்றார்.

அங்கே நடந்தது அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கூண்டு வரிசைக்கு முன்னால் போய் நின்றவர் ஒரு கூண்டுக்குள் எத்தனை கோழி என்று விரலால் எண்ணினாராம். பிறகு, "ஏனுங் தம்பி, இதுகளுக்குத் திரும்பிக்க எடம் பத்துங்களா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் பயத்தில், "பத்துமுங்க. ஆனா எல்லாம் ஒட்டுக்கா ஒரே நேரத்துல திரும்ப முடியாதுங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர் "ம்" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாராம். அப்பா அண்ணனை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், "ஏன்டா, இந்த ஆளு பொண்ணு குடுக்க வந்தாரா, சோதனை பண்ண வந்தாரா?" என்று கேட்டாராம். ஆக எங்கள் வீட்டில் சந்தேகம் எனக்கு மட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அவர்கள் "அப்பப் பொறப்படறமுங்க" என்று கைகூப்பிக் காரில் ஏறிவிட்டார்கள். அண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து, தீவன மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பிய லாரி, முந்தின நாள் மழையில் ஊறிக் கிடந்த வண்டிப்பாதையில் பின்சக்கரம் இறங்கி, பாதைக்குக் குறுக்கே சாய்ந்து நின்றுவிட்டது. அந்த ஒரு பாதையை விட்டால் நம் தோட்டத்திலிருந்து கார் வெளியே போக வழியில்லை. டிராக்டர் வரவேண்டும், சங்கிலி வரவேண்டும், சாயங்காலம் ஆகும் என்றார்கள். அண்ணன்தான் ஓட்டுநரிடம் கண்ணைக் காட்டியிருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம். பிறகு கேட்டேன். மாரியம்மன் மேல் ஆணை, இல்லை என்றார். ஆணை வைக்கும்போது சிரித்தார்.

உச்சிப் பொழுது தாண்டியது. கூடத்தில் மறுபடி உட்கார்ந்தார்கள். சாப்பிடக் கூப்பிட்டால் வேண்டாம் என்பார்கள், கூப்பிடாவிட்டால் மரியாதை இல்லை என்று அப்பா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது சௌந்தர்யா அவர்கள் கை கழுவுகிற சாக்கில் எழுந்து நேராகச் சமையலறைக்குள் வந்துவிட்டார். நான் கதவுச் சந்தில் வைத்த கண்ணை எடுப்பதற்குள் வந்துவிட்டார் மாமா. மறைய இடமில்லை.

"கண்ணு, நீதான் தனப்பிரியாவா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் கூடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார். "பாலு, தயிரு, நெய்யி, முட்டை, இதெதுவும் படாம ஏதாச்சும் இருக்குதா சாமி? அவரு மாடு ஆடு கோழிகிட்டருந்து வாரது எதையும் தொட மாட்டாரு. ரெண்டு வருசமாச்சு. வீகன்னு என்னமோ பேரு சொல்றாங்க. வெளிய சொல்லக் கூச்சப்பட்டுட்டு உக்காந்திருக்காரு. காலையில வெள்ளன ரெண்டு இட்லி தின்னதுதான்."

"ஏனுங்க சொல்லல?" என்று கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. கண்ணால் கேட்டிருப்பேன் போலிருக்கிறது, அவரே சொன்னார். பெண்ணுக்கு முன்பு வந்த இடங்களில் இதைச் சொன்னதும் சிரித்தார்களாம். ஒரு வீட்டில், அப்பனுக்கு ஏதோ பெரிய வியாதி, அதுதான் பத்தியம் இருக்கிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சம்பந்தத்தைக் கலைத்துவிட்டார்களாம். "அதான் இந்தத் தடவை வாயே தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிக்கிட்டு வந்தாரு. இப்ப வாயத் தொறக்காததுனால உங்கம்மா மூஞ்சி செத்துப் போச்சு. எனக்கு எந்தப் பக்கம் போறதுன்னே தெரியல."

அவர் போனதும் நான் சமைத்து வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் பார்த்தேன். ஒவ்வொன்றின் மேலும் நெய் மின்னியது. எதையும் தொட முடியாது. கடைக்கு ஆள் அனுப்ப முடியாது, பாதையில் லாரி நிற்கிறது. வீட்டில் இருப்பதை வைத்துத்தான் செய்ய வேண்டும், அதிலும் எது சுத்தம் என்று தெரிய வேண்டும். அம்மாவை உள்ளே இழுத்து விஷயத்தைச் சொன்னேன். அம்மாவுக்கு முதலில் உயிர் வந்தது, பிறகு உயிர் போனது.

"பூரணத்துல நெய் ஊத்துனீங்களாம்மா?"

"இல்ல சாமி."

"இல்லவே இல்லையா?"

"ஒரு சொட்டு."

"ஒரு சொட்டுன்னா?"

"ஒரு கரண்டிடி, வேறென்ன, சேந்து வரணுமில்ல?" என்றார். ஒப்புட்டு போனது. "சாதத்துல?" "சாதத்துலயா, சாதத்துல யாராச்சும்..." என்று இழுத்தார். கண்ணைப் பார்த்தேன். "உதிரி உதிரியா வரட்டுமுன்னு ஒரு துளி" என்றார். சாதமும் போனது. பெற்ற தாயை இப்படி விசாரிக்க வேண்டி வந்ததற்கு வருத்தமாக இருந்தது, ஆனால் விசாரிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பிறகு நான் எதையும் நம்பவில்லை. புது மண்சட்டி ஒன்றும், சீரில் வந்து பிரிக்காமல் இருந்த ஒரு குக்கரும் எடுத்தேன். கரண்டியில் நெய் வாடை இருந்ததால் பரணிலிருந்து வேறு கரண்டி எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். உங்கள் கடையிலிருந்து வந்த அரிசியையும் துவரம்பருப்பையும் களைந்து, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், தேங்காய்ப் பல் போட்டு, கடலை எண்ணெயில் தாளித்து அரிசியும் பருப்பும் சாதம் வைத்தேன். கொள்ளு ஒரு டப்பாவில் இருந்தது. மாமா, அது மாட்டுக்கு வைத்திருந்த கொள்ளு இல்லை, நமக்கு வைத்திருந்தது, இந்த ஒன்றையாவது நம்புங்கள். அதை வறுத்து வேகவிட்டு, வெந்த தண்ணீரில் ரசம் வைத்து, கொள்ளைச் சீரகம் பூண்டோடு கடைந்தேன். கொல்லையிலிருந்து முருங்கைக்கீரை உருவி வதக்கினேன். நிலக்கடலையை வறுத்துத் துவையல் அரைத்தேன். எள்ளையும் வெல்லத்தையும் உரலில் இடித்து உருண்டை பிடித்தேன். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய் பொரிக்கலாம் என்று எண்ணெயைக் காய வைத்து, மிளகாயைக் கையில் எடுத்து, போடப் போகிற நேரத்தில்தான் அதன் பெயரே என்னைத் தடுத்தது. தயிரில் ஊறிக் காய்ந்ததல்லவா அது! அதை டப்பாவிலேயே போட்டு மூடினேன். அப்பளம் பொரித்தேன். கடைசியில் மோருக்குப் பதிலாகத் தேங்காய்ப் பாலை நீர்க்கக் கரைத்து, எலுமிச்சை பிழிந்து, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டேன்.

இலை போட்டாயிற்று. "பசிக்குமுங்க, ஒரு வாய் சாப்புடுங்க" என்று அப்பா கூப்பிட்டார். பிரபாகர் அவர்கள் எழுந்து வந்து இலை முன் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரே தவிர இலையைத் தொடவில்லை. அம்மா பழக்க தோஷத்தில் நெய்க் கிண்ணத்தோடு குனிந்தார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் முந்தானையை எட்டிப் பிடித்து இழுத்தேன். அம்மா அப்படியே பின்னால் வந்தார், கிண்ணமும் வந்தது, நெய் தரையில் சொட்டியது. அந்த நேரத்தில்தான் மாமா, கந்தம்மாள் அத்தை டம்ளரோடு வாசலில் நின்றார். உறை ஊற்றுவதற்குக் கொஞ்சம் மோர் வேண்டுமாம். அவர் வீட்டில் மூன்று மாடு இருக்கிறது. நெய்யோடு அம்மாவை நான் இழுத்ததை அவர் பார்த்தார். பார்த்ததைத்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். பார்த்தது உண்மை, நடந்தது வேறு.

பிரபாகர் அவர்கள் குனிந்து சாதத்தை முகர்ந்தார். சந்தேகப்படுகிறவரை இன்னொரு சந்தேகக்காரிக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? யாரையும் பார்க்காமல் இலையைப் பார்த்தே கேட்டார்.

"இது எதுல தாளிச்சதுங்க?"

அப்பாவுக்குத் தெரியாது. அம்மா நெய்க் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கூடத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். வேறு வழியில்லை மாமா, நான்தான் பேசினேன்.

"கடலெண்ணெய்ங்க" என்றேன், கதவுக்குப் பின்னாலிருந்து.

அவர் நிமிர்ந்து கதவைப் பார்த்தார். "சட்டி?"

"புதுசுங்க."

"கரண்டி?"

"வேறங்க. சாம்பல் போட்டுத் தேச்சேனுங்க."

"இந்த டம்ளர்ல இருக்கறது மோருங்களா?"

"தேங்காய்ங்க."

"அப்பளத்தப் பொரிச்ச எண்ணெயி? அதுல வேற ஏதாச்சும்..."

"புது எண்ணெய்ங்க. மோர் மிளகாயப் போடப் பாத்தேனுங்க. போடலீங்க."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கதவைப் பார்த்தார். பிறகு, "ஏனுங்க, கதவுக்குப் பின்னாடி நிக்கறது யாருங்க, வக்கீலுங்களா?" என்று கேட்டார். சௌந்தர்யா அவர்கள்தான் முதலில் சிரித்தார். பிரபாகர் அவர்கள் டம்ளரிலிருந்து தண்ணீரைச் சாய்த்துக் கையை நனைத்தார் மாமா. அம்மா அந்த நிமிடம் அழுததற்குப் புகை காரணமில்லை.

மூன்று முறை சாதம் வாங்கினார். கொள்ளு ரசத்தை டம்ளரில் கேட்டுக் குடித்தார். எள்ளுருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அவரே சொன்னார். ஓய்வு பெற்ற பிறகு நண்பர் ஒருவருடைய மாட்டுப் பண்ணைக்குப் போனாராம், அங்கே கன்றைத் தாயிடமிருந்து இழுத்துக் கட்டியதும் அது ராத்திரி முழுக்கக் கத்தியதாம், அன்றோடு விட்டாராம். "எங்கூட்டு எருமை, கன்னுக்குட்டி குடிச்சு மிச்சமானதத்தான் கறக்கறமுங்க" என்றார் அம்மா. "இருக்கட்டுமுங்க அக்கா, உங்களக் குத்தஞ் சொல்லல. என்ற மனசுக்கு ஆகல, அவ்வளவுதான். ஆனா என்ற பொண்ணுக்கு வந்த எடமெல்லாம் பால் டம்ளர்லயே முடிஞ்சு போச்சுங்க. அதான் பயந்துட்டேன்" என்றார். "நாங்களும் உங்களப் பாத்துத்தானுங்க பயந்தோம்" என்றார் அப்பா. வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று அப்போதே பேசி முடித்தார்கள். லாரியும் அதற்குள் கிளம்பிவிட்டது, ஆனால் யாரும் அவசரப்படவில்லை.

இதுதான் மாமா நடந்தது. நெய் ஊற்றாதது அவமானப்படுத்துவதற்காக இல்லை, சம்பந்தம் நிலைப்பதற்காக. மோர் கொடுக்காததும் அப்படித்தான். கந்தம்மாள் அத்தை மறுபடி பேசினால் இந்தக் கடிதத்தைக் காட்டாதீர்கள், வேறு ஏதாவது சொல்லுங்கள்.

ஆனால் இன்னும் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். முட்டையைத் தொடாத மனிதர், முட்டை விற்றுப் பிழைக்கிற வீட்டுக்கு ஏன் பெண் கொடுக்கிறார்? இதை அப்பாவும் கேட்டார். "நானாத் தேடலீங்க. என்ற பொண்ணு மைதிலிதானுங்க போட்டோவப் பாத்துட்டு, கட்டுனா இந்தக் கோழிப்பண்ணை மாப்பிள்ளையத்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்குது. ஏன்னு கேட்டாச் சொல்ல மாட்டேங்குது" என்றார் அவர். எல்லாரும் சிரித்து, அண்ணன் காது சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் நல்லவர், ஆனால் போட்டோவைப் பார்த்து ஒற்றைக் காலில் நிற்கிற அளவுக்கு அழகு கிடையாது, உங்களுக்கே தெரியும். அதுவும் கோழிப்பண்ணை என்று சொல்லிக் கேட்டிருக்கிறார். போனில் நான் ஒரு வீடியோ பார்த்தேன். வெளிநாட்டில் யாரோ சிலர், பிரபாகர் அவர்களைப் போலவே எதையும் தொடாதவர்கள், விடிகாலையில் ஒரு பண்ணைக்குள் புகுந்து கூண்டை எல்லாம் திறந்து கோழிகளை வெளியே விட்டுவிட்டார்கள். மைதிலி அப்படிப்பட்ட அப்பாவின் மகள். கல்யாணம் முடிந்த மறுநாள் எங்கள் பண்ணைக் கூண்டுகள் திறந்து கிடந்தால் என்ன செய்வது? அத்தனை கோழியையும் யார் பிடிப்பது? நீங்கள் அஸ்தம்பட்டிப் பக்கம் விசாரித்து, மைதிலி ஏதாவது சங்கத்தில் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். அதற்காகச் சம்பந்தத்தை விட்டுவிட வேண்டாம். எனக்கு முன்கூட்டியே தெரிந்தால் பண்ணைச் சாவியை நான் வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

அதுவரை என் பக்கம் ஏற்பாடுகளைத் தொடங்கிவிட்டேன். மைதிலியும் தன் அப்பாவைப் போலத்தான் சாப்பிடுவார் என்பதால் சமையலறையில் ஒரு அலமாரியைக் காலி செய்து தனியாக வைத்திருக்கிறேன். முட்டை அட்டைகளை வெளிக்கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். அம்மாவின் நெய்ப் பானையைப் பத்தாயத்துக்குள் வைத்து மூடிவிட்டேன், அம்மா என்னோடு பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை விருந்துக்கும் நெய் கிடையாது, இடியாப்பம் போலச் சந்தகை பிழிந்து எள்ளும் தேங்காய்ப் பாலும் வைக்கப் போகிறேன். அதனால் நீங்கள் வரும்போது உங்கள் கடையிலிருந்து எள், தேங்காய், நல்ல வெல்லம், கொள்ளு, பச்சைப்பயறு, கடலை எண்ணெய் எல்லாம் கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் வரவேண்டும். அண்ணன் உங்கள் போன் மணி அடிக்கிறதா என்று தன் போனையே தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். வாசலில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து போய்விட்டு, தீவன வண்டி என்று திரும்பி வருகிறார். அவருக்காக வாருங்கள் மாமா.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் கடைத் தராசும் கல்லாவும் எப்போதும் நிறைந்திருக்க மாரியம்மன் அருள் புரியட்டும். வீட்டுக்கு வரும்போது உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுவேன், பேசச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்
தனப்பிரியா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் அண்ணன் போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்துவிட்டு, "மைதிலி, உன்கிட்டத்தான் பேசணுமாம்" என்று சொல்லி ஓடிவிட்டார். ஆகவே மேலே எழுதியது பெரும்பாலும் இனி உபயோகப்படாது, ஆனாலும் எழுதிவிட்டதால் அனுப்புகிறேன். நீங்கள் நேற்று அஸ்தம்பட்டிக்குப் போய் எங்களுக்காக மன்னிப்புக் கேட்டதையும், அவர்கள் விழுந்து விழுந்து சிரித்ததையும், பிறகு நீங்கள் நெய் இல்லாமலே இரண்டு முறை சாதம் வாங்கிச் சாப்பிட்டதையும், இப்போது அப்பாவிடம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று வெட்கப்பட்டுக்கொண்டு போனை அணைத்தே வைத்திருப்பதையும் அண்ணி சொல்லிவிட்டார். வெட்கத்தைப் பற்றி எனக்குத் தெரியும் மாமா. ஒன்றும் பேச வேண்டாம், வந்து உட்காருங்கள். அப்புறம் அண்ணி குரலைத் தாழ்த்தினார். "கண்ணு, எங்கூட்ல ரெண்டு வருசமா முட்டையே வாங்கறதில்ல. எங்கப்பா மனசு நோகுமுன்னு நான் வெளிலயும் தின்னதில்ல. உங்கண்ணன் போட்டோல பின்னாடி முட்டை அட்டை கூரை வரைக்கும் அடுக்கி இருந்துச்சு பாரு, அதப் பாத்துத்தான் சரின்னு சொன்னேன். ஆருகிட்டயும் சொல்லிராத. உனக்கு ஆஃப்பாயில் போடத் தெரியுமா?" என்றார். "தெரியுங்க" என்றேன். "மஞ்சக்கரு உடையாம?" என்றார். "உடையாதுங்க" என்றேன். ஆகவே மாமா, எள்ளும் கொள்ளும் அதிகம் வேண்டாம், சங்கத்தைப் பற்றி விசாரிக்கவும் வேண்டாம். நல்ல மிளகாகப் பார்த்துக் கொஞ்சம் தூளாக்கிக் கொண்டுவாருங்கள். யாருக்கு என்று அம்மா கேட்டால் ரசத்துக்கு என்று சொல்லிவிடுங்கள்.